ரோசி சாப்பிடாமல் இருந்த காலம்

குருவம்மா இந்தக் கதையைச் சொல்ல வாயெடுக்கும்போதெல்லாம் தப்பாகச் சொல்லிவிடுவோமோ என்று பயந்து, தொண்டையைச் செருமி, முந்தானையால் வாயைத் துடைத்து, "இருங்க, மொதல்ல இருந்து வாரேன்" என்று ஆரம்பித்து, நிறுத்தி, திரும்ப ஆரம்பித்துத்தான் உள்ளே போவாள். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டுத் தீக்குச்சி அடுக்கப் போனவள் என்பதால், எதை முன்னால் வைப்பது, எதைப் பின்னால் வைப்பது என்ற விவரம் தனக்குப் போதாது என்பது அவள் எண்ணம். சிலந்தியை முன்னால் வைத்தால் கேட்கிறவர்கள் முகத்தைச் சுளிக்கிறார்கள். பட்டாசு ஆலையை முன்னால் வைத்தால் வெடிவிபத்துக் கதை என்று நினைத்து அழத் தயாராகிவிடுகிறார்கள். அதனால் அவளுடைய பயத்தில் இருந்து ஆரம்பிப்பதுதான் சரி. எல்லாம் அங்கே இருந்துதான் வந்தது.

குருவம்மாவுக்குப் பயப்படத் தெரியாத பொருளே வீட்டில் கிடையாது. கேஸ் அடுப்பு, குளியலறைப் பாசி, வேளை கெட்ட வேளையில் அடிக்கும் போன், சிரித்துப் பேசும் டாக்டர் என்று எல்லாவற்றுக்கும் பயந்தாள். ஆனால் இவை சில்லறைப் பயங்கள். பெரிய பயம் மகள் முனீஸ்வரிதான். முனீஸ்வரி ஊருக்கு வெளியே கரிசல் காட்டில் இருந்த பட்டாசு ஆலையில் மருந்து அடைக்கும் வேலை செய்தாள். தள்ளித் தள்ளிக் கட்டிய சின்னச் சின்ன அறைகள், ஓடித் தப்பிக்க வசதியாக ஒவ்வொன்றுக்கும் இரண்டு பக்கமும் வாசல், அறைக்கு நாலு பேர். அங்கே உட்கார்ந்து காகிதக் குழாய்களில் வெடிமருந்தைத் தள்ளித் தள்ளி நிரப்ப வேண்டும்.

குருவம்மாவும் அதே ஆலைதான், ஆனால் அறைக்குள் இல்லை. மருந்தைப் பார்த்தாலே அவள் கை ஆடும். கை ஆடுகிறவளை உள்ளே உட்காரவைக்க முடியாது என்று போர்மேன் தவமணி அண்ணாச்சி அவளுக்குத் தண்ணீர் வேலையைக் கொடுத்திருந்தார். ஒவ்வொரு அறை வாசலிலும் ஒரு மண் தொட்டி உண்டு. உள்ளே போகிற யாரும் இரண்டு கையையும் அதில் முக்கி, உதறாமல், சொட்டச் சொட்டத்தான் போக வேண்டும். உடம்பில் ஊறிக் கிடக்கும் மின்சாரம் ஒரு பொட்டு விரல் வழியாகத் தாவினால் போதும், மருந்து அதற்காகத்தான் காத்துக்கிடக்கிறது. தொட்டி காயாமல் பார்த்துக்கொள்வதும், வாசல் மண்ணை நனைத்துப்போடுவதும் குருவம்மாவின் வேலை.

காலையில் கம்பெனி வேன் தெருமுனையில் வந்து நின்றதும் அவள் பாட்டு ஆரம்பிக்கும். "நைலான் சேலை வேண்டாம்டி, கொண்டை ஊசி வேண்டாம்டி, தட்ட இழுக்காத, தூக்கி வை, மருந்தத் தேய்க்காத, தள்ளு, கைய நனைக்காம உள்ள கால வைக்காத, வெயில் ஏறிட்டா மருந்துகிட்ட நிக்காத, சத்தம் கேட்டா செருப்பத் தேடாம ஓடு." தினமும் இதே வரிசை. வேனில் இருக்கும் பெண்களுக்கெல்லாம் மனப்பாடம். அவள் ஆரம்பித்ததும் பின்சீட்டில் இருந்து கூடச் சேர்ந்து பாடுவார்கள். "செருப்பத் தேடாம ஓடு" என்ற கடைசி வரிக்குக் கைதட்டும் உண்டு. "உங்கம்மாவ ரேடியோவுல போடலாம்டி" என்று முனீஸ்வரியை இடிப்பார்கள். முனீஸ்வரி தலையைக் குனிந்துகொண்டே கொண்டையில் ஊசி இருக்கிறதா என்று ஒரு தரம் தடவிப் பார்த்துக்கொள்வாள்.

இனி சிலந்தி. குருவம்மாவின் மகன் காளீஸ்வரன் பெங்களூரில் மீன்தொட்டிக் கடையில் வேலை பார்த்துவிட்டுக் கத்தாருக்குக் கிளம்பும்போது ஒரு கண்ணாடிப் பெட்டியைக் கொண்டுவந்து வீட்டில் வைத்தான். உள்ளே உள்ளங்கை அகலத்துக்கு, ரோமம் அடர்ந்த, லேசாக ரோஜா நிறம் ஓடிய ஒரு சிலந்தி இருந்தது. பேர் ரோசி.

"இத நான் என்னடா செய்ய?"

"வாரத்துக்கு ஒரு கரப்பான் போடும்மா. ஒரு மூடியில தண்ணி வையி. அது பாட்டுக்குக் கெடக்கும்."

"கடிச்சிருச்சுன்னா?"

"நீ கடிக்காம இருந்தாச் சரி."

போய்விட்டான். குருவம்மா கரப்பானின் இறக்கையைப் பிய்த்து, கண்ணை மூடிக்கொண்டு, மூடியை விரல் அளவு திறந்து உள்ளே போட்டு வந்தாள். கொஞ்ச நாள் ரோசி சாப்பிட்டது. பிறகு ஒரு வாரம் தொடவில்லை, அடுத்த வாரமும் தொடவில்லை. ஒரு மாதமாயிற்று, தீபாவளிச் சரக்கு ஓடும் மாதங்கள் வந்தன, அப்போதும் தொடவில்லை. கரப்பான் அதன் முதுகில் ஏறி இறங்கி, தண்ணீர் மூடியில் குடித்து, சொந்த வீடு போலத் திரிந்தது. காளீஸ்வரனுக்குப் போன் போட்டால், "அது அப்படித்தாம்மா, மாசக்கணக்குல பட்டினி கெடக்கும், விடு" என்றான். சாப்பிடாமல் கிடக்கிற உயிரை விடு என்று சொன்னால் குருவம்மாவால் விட முடியுமா?

ஒரு சாயங்காலம் அவள் பெட்டிக்கு முன்னால் குத்தவைத்து உட்கார்ந்து பேசினாள். "நீ செத்துப்போனா எம் மகனுக்கு நான் என்ன பதில் சொல்லுவேன்? அவன் அங்க சாப்பிடுதானோ இல்லையோ? இந்தப் பிள்ள அங்க மருந்துல கைய வச்சிக்கிட்டு உக்காந்திருக்கா..." ஒன்றைத் தொட்டு ஒன்றாக, இத்தனை வருஷம் வயிற்றில் கிடந்த எல்லாவற்றையும் எடுத்துச் சொல்லச் சொல்ல, ரோசி முன்னங்கால் இரண்டையும் மெதுவாகத் தூக்கியது, வாய்ப்பக்கம் அசைந்தது, மென்றது. குருவம்மா பேசி முடித்தபோது அதன் வயிறு சுண்டைக்காயில் இருந்து எலுமிச்சங்காயாகியிருந்தது. குருவம்மாவின் வயிறு லேசாகியிருந்தது. அன்றைக்கு அவள் கேஸ் மூடியிருக்கிறதா என்று எழுந்து பார்க்காமல் தூங்கினாள்.

இதில் அவளுக்கு ஆச்சரியம் எதுவும் வரவில்லை. மாடு புல் தின்கிறது, கரையான் மரம் தின்கிறது, இது பயம் தின்கிறது. அவ்வளவுதானே. கரப்பானைத் திறந்துவிட்டுவிட்டு, தினமும் விளக்கு வைத்ததும் ரோசிக்குத் தன் பயத்தைப் போட்டாள்.

பக்கத்து வீட்டுச் சோலைதான் முதலில் கண்டுபிடித்தது. "என்ன மதினி, மொகம் தெளிஞ்சு போச்சு? புதுசா பவுடர் மாத்தினீகளா?" என்று கேட்டு, விஷயத்தை வாங்கி, மறுநாளே வந்து உட்கார்ந்தாள். சோலையின் புருஷன் கருத்தப்பாண்டி குடித்துவிட்டு வருகிறவன். கேட் கொக்கி சத்தம் கேட்டாலே சோலைக்குக் கை கால் ஓடாது. பயந்த பிள்ளைக்கு உப்பைச் சுற்றிப்போடுகிற வழக்கப்படி ஒரு பிடி உப்பை எடுத்துத் தலையைச் சுற்றி, அந்த உப்புக்குள் தன் பயத்தை முணுமுணுத்து, பெட்டிக்கு முன்னால் வைத்தாள். ரோசி கால் தூக்கியது. அன்று கருத்தப்பாண்டி கேட்டைத் தட்டியபோது சோலை உள்ளிருந்து, "பாயி, தலகாணி, உன் வேட்டி எல்லாம் வெளிய இருக்கு. எடுத்துட்டு உங்க அக்கா வீட்டுக்குப் போ" என்றாள். அவன் கையை ஓங்கினான். அவள் கண்ணை இமைக்காமல் அவனைப் பார்த்தாள். ஓங்கிய கையை என்ன செய்வதென்று தெரியாமல் அவன் தலையைச் சொறிந்துகொண்டு பாயை எடுத்துப் போனான்.

அதற்கப்புறம் தெருவைப் பிடித்து நிறுத்த முடியவில்லை. உப்புப் பிடியோடு வந்தார்கள். பல் பிடுங்கப் பயந்தவன் வந்தான், மாமியாருக்குப் பயந்தவள் வந்தாள், பாம்புக்குப் பயந்து வயலுக்குப் போகாதவன் வந்தான். சாவுக்குப் பயந்துகொண்டிருந்த தையல்கார சுப்பையா வந்துவிட்டுப் போன மறுவாரம் கிணற்றில் நீச்சல் பழக இறங்கினார், எழுபது வயதுக்கு மேல். பயம் போன தெருவில் வேண்டுதல் வைக்க ஆள் இல்லாமல் மாரியம்மன் கோயில் பூசாரி திண்டாடி, "ஒரு எட்டுக்காலி எம் பொழப்பக் கெடுக்குதே" என்று சண்டைக்கு வந்தவர், வந்த இடத்தில், இருட்டில் கருவறைக்குள் தனியாகப் போகத் தனக்கே உதறும் என்பதைச் சொல்லி, அதையும் உப்பில் வைத்துவிட்டுப் போனார். சாமியைப் பார்க்க நிற்கிற மாதிரியே நின்றார்கள். முனீஸ்வரியும் வேன் பெண்களும்கூட ஆளுக்கொரு பிடி உப்பை வைத்துவிட்டுப் போனார்கள். யாருக்கும் ரோசியைப் பார்த்துப் பயம் இல்லை. பிள்ளைகள் அதற்கு டாட்டா காட்டின.

கடைசியாக வந்தவர் போர்மேன் தவமணி அண்ணாச்சி. வாசலில் நின்று, "சும்மா இந்தப் பக்கம் வந்தேன்" என்றார். குருவம்மா உப்பை எடுத்துக் கொடுத்தாள். முன்பு ஒரு சித்திரை மாதத்தில், வேறொரு ஆலையில், எரிந்துகொண்டிருந்த அறையில் இருந்து ஆட்களைத் தூக்கி வெளியே போட்டவர் அவர். எல்லோரையும் தூக்க முடியவில்லை. அன்றிலிருந்து கதவு காற்றில் அடித்தால்கூட எழுந்து நின்றுவிடுவார், தூக்கத்திலும் ஆட்களை எண்ணுவார். அதை அவர் உப்பிடம் சொல்ல அரைமணி நேரம் ஆயிற்று. ரோசியின் வயிறு பெட்டியின் கண்ணாடியைத் தொட்டது. "நல்லா இரும்மா குருவு" என்று சொல்லிவிட்டு, சின்னப் பையன் மாதிரி சீட்டியடித்துக்கொண்டு போனார்.

அந்தச் சீட்டி ஆலைக்குள்ளும் கேட்க ஆரம்பித்தது.

முதலில் வெயில் ஏறுவதற்குள் முடிய வேண்டிய மருந்துக் கலவை மத்தியானம் வரை ஓடியது. அண்ணாச்சி வேப்பமரத்தடியில் சீட்டியடித்துக்கொண்டிருந்தார். பிறகு அறைக்கு நாலு பேர் என்பது ஆறாகி எட்டானது, பேச்சுத்துணைக்கு. பிறகு தூக்கி வைக்க வேண்டிய தட்டைக் காலால் தள்ளினார்கள். தொட்டித் தண்ணீரில் யாரும் கை நனைக்காததால் அதில் கொசுப்புழு நெளிந்தது. குருவம்மா அதைப் பார்த்தாள், பார்த்துவிட்டு நடந்தாள். காலையில் வேன் வந்து நிற்கும்போது அவளுக்கு எதையோ சொல்ல வேண்டும் என்று தோன்றும். தெரிந்த ஆளின் பேர் நாக்கு நுனியில் நின்று வராதது மாதிரி நிற்கும். "ஏறுங்கடி, நேரமாச்சு" என்பாள். பின்சீட்டுப் பெண்கள் கைதட்டக் காத்திருந்து ஏமாந்துபோவார்கள்.

ஒரு சனிக்கிழமை முனீஸ்வரி பளபளவென்று நைலான் சேலையும் கொண்டையில் இரும்பு ஊசியுமாக வந்து உட்கார்ந்தாள். குருவம்மா வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தபோதே அவள் மருந்துத் தட்டைச் சிமெண்டுத் தரையில் சரசரவென்று இழுத்தாள். அவள் விரலுக்கும் தட்டுக்கும் நடுவில் நீலமாக ஒரு பொட்டு வெளிச்சம் டிக்கென்று தாவியது. என்ன காரணமோ மருந்து அன்றைக்குக் கண்ணை மூடிக்கொண்டது.

"பாத்தியாம்மா, நட்சத்திரம்!" என்று முனீஸ்வரி சிரித்தாள். அறையில் இருந்த எட்டுப் பேரும் சிரித்தார்கள். வாசலில் நின்ற குருவம்மாவும் சிரித்தாள்.

வீட்டுக்கு வந்து சோற்றைப் பிசைந்துகொண்டிருக்கும்போதுதான் தான் சிரித்தது அவள் ஞாபகத்துக்கு வந்தது. மகள் எரிந்துபோயிருப்பாள் என்பது தெரிகிறது, நாளை மறுநாளும் இதேதான் நடக்கும் என்பதும் தெரிகிறது. ஆனால் வயிறு பிசையவில்லை, கை ஆடவில்லை. கண்ணில் இருந்து மட்டும் தண்ணீர் வந்துகொண்டே இருந்தது. "வேண்டாம்டி அந்த வேலை" என்று மகளிடம் சொல்லிப் பார்த்தாள். பயமில்லாத வாயில் இருந்து வந்த சொல், ரேடியோவில் மழை வரும் என்று சொல்வது போல இருந்தது. முனீஸ்வரி ஊறுகாய் கேட்டாள்.

குருவம்மா பெட்டிக்கு முன்னால் போய் உட்கார்ந்தாள். "எனக்கு என்னோடது வேணும். திருப்பிக் குடு." ரோசி அசையவில்லை. உப்பு வைத்துக் கேட்டாள், கெஞ்சினாள், கண்ணாடியைத் தட்டினாள். வாங்கின வயிறு கொடுக்கத் தெரியாமல் கிடந்தது.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, ஆலை லீவு. மத்தியானச் சாப்பாட்டுக்கு அப்புறம் பார்த்தால் ரோசி மல்லாந்து கிடந்தது, எட்டுக் காலும் மேலே பார்த்து.

சோலை போட்ட கூச்சலில் தெரு கூடிவிட்டது. ரோசி போய்ச் சேர்ந்துவிட்டது என்று முடிவாகி, ஒருவர் மாலை வாங்கப் போனார், ஒருவர் கொட்டுக்காரரைக் கூப்பிடப் போனார், பூசாரி கண்மாய்க்கரையில் எந்த மரத்தடி என்று யோசிக்க ஆரம்பித்தார். குருவம்மா கத்தாருக்குப் போன் போட்டாள்.

"அம்மா, தொடாத! யாரையும் தொட விடாத! அது சாகல, தோல் உரிக்கப் போகுது. மல்லாந்துதான் உரிக்கும்."

"தெருவே மாலையோட நிக்குதுடா."

"மாலைய நீ போட்டுக்க. அத விடு."

அவள் வாசற்படியில் குறுக்கே காலை நீட்டி உட்கார்ந்துகொண்டாள். "உசுரோட இருக்கிறத எப்படிய்யா பொதைப்பீக?" என்று ஒவ்வொருவரிடமும் கேட்டாள். கொட்டுக்காரர் வந்தவர் காபி குடித்துவிட்டுக் காத்திருந்தார். வெயில் சாயச் சாய, ரோசியின் முதுகு ஓடு டப்பா மூடி போலத் திறந்தது. கையுறையில் இருந்து விரலை உருவுகிற மாதிரி ஒவ்வொரு காலையும் அது உருவி உருவி எடுத்தது. கடைசியில் வெளுத்து, மெலிந்து, ஈரமாக, புதுசாக ஒரு ரோசி ஒரு மூலையில் நின்றது. நடுவில் பழைய ரோசி ரோமம் உட்பட அப்படியே கிடந்தது, உள்ளே ஆள் இல்லாத சட்டையாக.

குருவம்மா மூடியைத் திறந்து அந்தத் தோலை எடுத்தாள். வெங்காயச் சருகு கனம்கூட இருக்க நியாயமில்லை, ஆனால் அம்மிக்குழவி கனம் கனத்தது. விரலில் பட்டதும் அவள் வயிற்றுக்குள் ஐஸ்கட்டி விழுந்தது. கை ஆடியது. கேஸ் திறந்திருக்குமோ, காளீஸ்வரன் சாப்பிட்டிருப்பானோ, நீலப் பொட்டு, நைலான் சேலை, ஐயோ என் பிள்ளை, ஐயோ என் பிள்ளை என்று அலறிவிட்டாள். அலறலுக்கு நடுவிலேயே, வந்துவிட்டது, வந்துவிட்டது என்று சந்தோஷம். தோலின் மற்ற இடங்களும் விரலில் பேசின. இங்கே பல் டாக்டர், இங்கே பாம்பு, இங்கே கிணறு. ஒரு காலில் பிராந்தி வாடை அடித்தது.

நாளைக்கு இதை ஆலைத் தொட்டித் தண்ணீரில் கரைக்கப் போகிறேன், கை நனைக்கிறவர்களுக்கு அவரவர் பயம் திரும்பி வரட்டும் என்று அவள் சொன்னதும் தெரு கொதித்தது. "போனத எதுக்கு மதினி திருப்பிக் கூட்டியாரீக?" என்று சோலை அவள் காலைப் பிடித்தாள். "கேட் சத்தத்துக்கு நான் இனிமே எந்திரிக்க மாட்டேன். எனக்கு மட்டும் குடுத்துராதீக."

குருவம்மா தோலில் பிராந்தி வாடை அடித்த காலை மட்டும் முறித்தாள், அடுப்பில் போட்டாள். மிளகாய் நெடியோடு ஒரு தரம் வெடித்து அடங்கியது. "இது பயமே இல்லடி. அவன் உன் வயித்துல கட்டி வச்ச மூட்ட" என்றாள்.

மற்றவர்கள் கலைந்த பிறகும் தவமணி அண்ணாச்சி நின்றார். சீட்டி இல்லை. "நான் இப்பத்தான் தூங்குதேன் குருவு. எத்தன வருசத்துக்கு அப்புறம் தெரியுமா?"

"தெரியும் அண்ணாச்சி."

"என்னதையும் அடுப்புல போட்டுரு ஆத்தா."

குருவம்மாவால் அவரைப் பார்க்க முடியவில்லை. தோலை மடியில் வைத்துக்கொண்டு, "நீங்க தூங்காம இருந்ததாலதான் அண்ணாச்சி எம் மக இன்னைக்கு வரைக்கும் உசுரோட இருக்கா" என்றாள்.

அவர் செருப்பை மாட்டிக்கொண்டு போனார்.

திங்கட்கிழமை வேனுக்கு முந்தியே அவள் ஆலைக்கு நடந்தாள். தொட்டிகளைக் கவிழ்த்துத் தேய்த்துக் கழுவி, புதுத் தண்ணீர் நிரப்பி, தோலை நொறுக்கி ஒவ்வொன்றிலும் ஒரு சிட்டிகை போட்டாள். போட்டதும் கரைந்தது. தண்ணீர் தண்ணீராகவே இருந்தது. ஆனால் வேன் வந்து எல்லோரும் இறங்கி, விஷயம் தெரிந்ததால் யாரும் கிட்டே வராமல், அறைகளுக்கும் தொட்டிகளுக்கும் நடுவில் திருவிழாவில் வழி தவறியவர்கள் மாதிரி நின்றார்கள். முனீஸ்வரி அதே நைலான் சேலையில் இருந்தாள். "தள்ளும்மா, நேரமாச்சு" என்று தொட்டியைத் தாண்டக் காலைத் தூக்கினாள்.

அப்போது தவமணி அண்ணாச்சி வந்தார். சட்டைக் கையை முழங்கை வரை மடித்தார். முதல் அறைத் தொட்டிக்கு முன்னால் குனிந்து, தெரிந்தே, இரண்டு கையையும் மணிக்கட்டு வரை முக்கினார். அவர் முதுகு வளைந்தது, தோள் ஏறியது, முகம் பழைய முகமானது. நிமிர்ந்தபோது தூரத்தில் ஏதோ கதவு காற்றில் அடித்தது. சட்டென்று திரும்பினார், உதடு ஆட்களை எண்ணியது. பிறகு கத்தினார்: "எவடி அவ நைலான் சேலை? வெளிய போ! அறைக்கு நாலு பேர், அஞ்சாவது ஆள் உள்ள நின்னா கால ஒடிப்பேன்! கைய நனைங்க, எல்லாரும் கைய நனைங்க!"

அவர் குரலுக்கு ஒவ்வொருவராகக் குனிந்தார்கள். முனீஸ்வரி கடைசியில் குனிந்தாள். முனீஸ்வரி நிமிரும்போது ஒரு கை தானாகக் கொண்டைக்குப் போய், இரும்பு ஊசியை உருவி, வாசலுக்கு வெளியே தூர எறிந்தது. "அம்மா," என்றாள், "சனிக்கிழம அந்த நட்சத்திரம்..." மாற்றுச் சேலைக்கு ஓடினாள்.

அடுத்த நாள் வேன் வாசலில் குருவம்மா முதல் வரியில் இருந்து ஆரம்பித்தாள். பின்சீட்டில் யாரும் கூடப் பாடவில்லை, முழுசாகக் கேட்டார்கள். கேட்டுவிட்டுக் கைதட்டினார்கள். அவர்களைப் பார்த்துத் தெருவும் மீந்த பொடியைக் கரைத்துக் கை நனைத்தது. தையல்கார சுப்பையா கிணற்றை விட்டார். மாரியம்மன் கோயிலில் தீச்சட்டிக்கு ஆள் சேர்ந்தது. சோலையின் கேட்டைக் கருத்தப்பாண்டி இன்னும் ஒரு தடவை தட்டினான், அதற்கப்புறம் தட்டவில்லை.

ரோசியின் புதுப் பல் கறுத்து இறுகச் சில நாள் ஆனது. பிறகு போட்ட கரப்பானை ஒரே பாய்ச்சலில் பிடித்துத் தின்றது. குருவம்மா கண்ணை மூடிக்கொண்டுதான் போட்டாள். ஆனாலும் தின்று முடித்தபின் அது முன்னங்காலை லேசாகத் தூக்கி அவள் பக்கம் காட்டியதைப் பார்த்துவிட்டாள். வயிற்றுக்குள் எல்லாம் இருந்தது, சொல்லிவிட்டால் இறங்கிவிடும், நன்றாகத் தூங்கலாம். நாக்கு எழுந்தேவிட்டது. அன்றிலிருந்து ரோசிக்குச் சாப்பாடு வைக்கும் நாளில் அவள் முதலில் செம்பை எடுத்து, வாய் நிறையத் தண்ணீரை அடக்கிக்கொண்டு, கன்னம் இரண்டும் உப்ப அந்தப் பெட்டிக்கு முன்னால் போவாள். கரப்பானைப் போட்டு, மூடியை அழுத்தி மூடி, பின்கட்டுக்கு வந்த பிறகுதான் தண்ணீரைத் துப்புவாள்.